சேவலின் கொண்டையும் கல்லமேட்டு எலும்பும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலாப்பட்டு கறிக்கடை வாசலில் நின்றால் அரை மணி நேரம் போவது தெரியாது. நாட்டுச் சேவல் சொல்லியிருந்தேன். கடைக்காரர் இறகு பிடுங்கி, தீயில் வாட்டி, மஞ்சள் தடவி, தலையை வெட்டித் தொட்டியில் போட்டார். கூட வந்திருந்த அண்ணன் மகள் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "கொண்டைக்குள்ள எலும்பு இருக்குமா சித்தப்பா?" என்றாள். கடைக்காரர் வாயால் பதில் சொல்லவில்லை. தலையை எடுத்து, கொண்டையை இரண்டு விரலால் மடக்கிக் காட்டினார். மடங்கியது, விட்டதும் நிமிர்ந்தது. எலும்பு இல்லை.

அவள் ஆறாம் வகுப்பு. புத்தகப் பையின்மேல் பச்சை நிறத்தில் ஒரு டைனோசர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வண்டியில் ஏறியதும் அடுத்த கேள்வி வந்தது: "அப்போ டைனோசருக்குக் கொண்டை இருந்திருந்தா நமக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்று சொல்லி வண்டியை எடுத்தேன். அது பாதி பதில்தான். மீதிப் பாதிக்கு இந்தப் பக்கம் போதுமா என்று பார்க்கிறேன்.

குழம்பு முடிந்ததும் இலையோரம் ஒதுக்கிய கால் எலும்பைக் கழுவிக் கையில் எடுத்துப் பாருங்கள். வழவழப்பாக இருப்பதுபோலத் தோன்றும். நகத்தை ஓட்டினால் அங்கங்கே ஒரு வரம்பு, ஒரு சொரசொரப்பு, ஒரு சிறு குழி தட்டுப்படும். தசைநார் பிடித்திருந்த தடம் அது. தசை பெரிதாக இருந்தால் தடமும் பெரிது. தடம் இருக்கும் இடத்தையும் அது சாய்ந்திருக்கும் திசையையும் வைத்து, தசை எதை எந்தப் பக்கம் இழுத்தது என்று சொல்லலாம். மூட்டின் வடிவம், கால் எவ்வளவு மடங்கும், எந்தப் பக்கம் மடங்காது என்று சொல்லும். மூட்டு முனையில் நாம் மென்று தின்ற குருத்தெலும்பு மட்டும் இப்போது இல்லை. மண்ணுக்குள்ளும் அது பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. எனவே கல்லாகிக் கிடைக்கும் எலும்பு, உயிரோடு இருந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் குட்டை. நீண்ட கழுத்து டைனோசர்களில் இந்தக் குருத்து மிகத் தடிமனாக இருந்திருக்க வேண்டும் என்பதால், அவற்றின் உயரக் கணக்கிலேயே முதல் தடுமாற்றம் இங்கே தொடங்கிவிடுகிறது.

தசைத் தடம் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு வாலைச் சொல்லலாம். டைனோசர்களின் தொடை எலும்பின் பின்புறம் ஒரு துருத்தல் உண்டு. முதலைக்கும் அதே இடத்தில் உண்டு. முதலையில் அங்கிருந்து தடித்த தசை ஒன்று வாலுக்குள் போகிறது. காலைப் பின்னால் இழுத்து உந்துவது அந்தத் தசைதான். அப்படியானால் டைனோசரின் வால் வெறுமனே தொங்கிய சதைக்கயிறு அல்ல, நடையின் இயந்திரம். நியூயார்க் அருங்காட்சியகத்தில் 1915 முதல் டைரனோசாரஸ் கங்காருவைப்போல நிமிர்ந்து, வாலைத் தரையில் போட்டு நின்றது. உலகம் முழுவதும் அதைப் பார்த்தே வரைந்தார்கள். பாறையில் பதிந்த காலடித் தடங்களிலோ வால் இழுபட்ட கோடு அபூர்வம். 1990களில் அந்த எலும்புக்கூட்டைக் கழற்றி, முதுகைக் கிடையாக்கி, வாலைத் தூக்கி மறுபடி நிறுத்தினார்கள். எலும்புகள் பழையவைதான், நின்ற விதம் புதிது.

எலும்பில் தடமே இல்லாதவற்றை என்ன செய்வது? கண், நாக்கு, இதயம், தோல்? இங்கே காலாப்பட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் ஊர்வழியே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே நூறு கிலோமீட்டர் போல போனால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கியது. கறிக்கடைச் சேவல் ஒரு முனை, முதலைப் பண்ணை மறுமுனை. டைனோசர் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பறவைகள் டைனோசர் வம்சத்திலேயே வந்தவை. முதலைகள் இந்த மொத்தக் குடும்பத்துக்கும் ஒன்றுவிட்ட பங்காளிகள்.

ஆய்வாளர்களின் முக்கியமான கருவி இந்த ஏற்பாடுதான். ஒரு அம்சம் கோழியிலும் இருந்து முதலையிலும் இருந்தால், இருவருக்கும் பொதுவான மூதாதையிடம் அது இருந்திருக்கும், நடுவில் வந்த டைனோசரிடமும் இருந்திருக்கும் என்று கொள்வது நியாயம். நான்கு அறை இதயம் இருவருக்கும் உண்டு. இரண்டும் முட்டையிடும், கூட்டைக் காக்கும். ஆகவே டைனோசருக்கு நான்கு அறை இதயம் என்று எழுதுகிறவர், எந்த டைனோசரின் இதயத்தையும் கையில் எடுத்துப் பார்த்து எழுதுவதில்லை. இரண்டில் ஒன்றிடம் மட்டும் இருப்பதற்கு இந்தக் கணக்கு உதவாது. இறகு கோழிக்கு உண்டு, முதலைக்கு இல்லை. அப்போது நேரடிச் சாட்சி வேண்டும்.

சாட்சி 1996இல் வந்தது. சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில், ஏரியடிச் சேறு இறுகிய பாறையில், சினோசாரொப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் முதுகு நெடுக மயிர்போன்ற இழைகள் பதிந்திருந்தன. அதன்பின் இறகுள்ள டைனோசர்கள் வரிசையாக வந்தன. இழை பதியாத இடத்திலும் எலும்பு சில சமயம் காட்டிக்கொடுக்கும். பறவையின் முன்கை எலும்பில் பெரிய இறகுகள் ஊன்றியிருந்த இடத்தில் வரிசையாகச் சிறு புடைப்புகள் இருக்கும், சில பறவைகளில் துலக்கமாக, சிலவற்றில் மங்கலாக. மங்கோலியாவில் கிடைத்த வெலோசிராப்டர் ஒன்றின் முன்கையில் அதே புடைப்புகள் இருப்பதை 2007இல் அறிவித்தார்கள். சினிமாவில் அது மொட்டைத்தோலோடுதான் ஓடியது. இறகு வைத்தால் பயம் போய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ. அடைகாக்கும் கோழியிடம் கொத்து வாங்கியவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

நிறத்துக்கு வருவோம். நான் பள்ளியில் படித்த காலத்தில் 'டைனோசரின் நிறம் ஒருநாளும் தெரியாது' என்பதுதான் ஆசிரியர்கள் சொன்ன பதில். 2010இல் அது மாறியது. இறகின் நிறமி மெலனோசோம் என்ற நுண்துகள்களில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. கறுப்பு தருபவை நீண்டு உருளும் வடிவம், செம்பழுப்பு தருபவை உருண்டை. இந்த வடிவங்கள் கல்லில் தப்பிப் பிழைத்திருந்தன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டு, சினோசாரொப்டெரிக்ஸுக்குச் செம்பட்டை நிறம், வாலில் வெள்ளையும் செம்பட்டையும் மாறி மாறி வளையம் என்றார்கள். அங்கியோர்னிஸ் என்ற இன்னொன்றுக்கு உடம்பு கறுப்பு, சிறகில் வெள்ளை, உச்சியில் செந்நிறச் சிகை. இதிலும் ஓர் ஓட்டை உண்டு. நாட்டுக்கோழியின் காலில் இருக்கும் மஞ்சள், தீனியிலிருந்து வருவது. அது மெலனோசோம் கணக்கில் சிக்காது. எனவே 'இந்த இடத்தில் கறுப்பு இருந்தது' என்பது உறுதியாக இருக்கலாம். 'வேறு நிறமே இல்லை' என்பது அதே அளவு உறுதி அல்ல. பெரும்பாலான டைனோசர்களுக்கோ துகளும் கிடைக்கவில்லை, தோலும் கிடைக்கவில்லை. பையின்மேல் இருக்கும் பச்சை, பெயின்ட் கம்பெனி தீர்மானித்த பச்சை.

கொண்டைக் கேள்விக்கும் இப்போது பதில் சொல்லிவிடலாம். எட்மண்டோசாரஸ் என்ற தாரா வாய் டைனோசரின் மண்டையோடுகள் நூறாண்டாக நிறையவே கிடைத்துவந்தன. எல்லாம் மொட்டைத் தலை. எனவே படத்திலும் மொட்டைத் தலை. கனடாவில் தோலோடு கல்லான ஒன்று கிடைத்தது. அதன் உச்சியில் சதையாலான கொண்டை, சேவல் கொண்டையைப்போலவே எலும்பில்லாத கொண்டை. 2013இல் வெளியான செய்தி. அதாவது, கொண்டை இருந்திருந்தால் தெரிய வழி உண்டு, தோல் கல்லானால். இல்லையென்றால் தெரியாது. சேவலின் கால் முள் வேறு கதை. அதன் உள்ளே எலும்பு உண்டு, மேலே நகம்போன்ற உறை. எலும்பைப் பார்த்து முள் இருந்தது என்று அடித்துச் சொல்லலாம். உறையோடு அது எவ்வளவு நீளம், எவ்வளவு கூர்மை என்பது ஊகம். ஒரே சேவலின் உடம்பில் மூன்று அளவு நிச்சயம்: கால் தெரியும், முள் ஓரளவு தெரியும், கொண்டை தெரியாது. ஒவ்வொரு டைனோசர் படமும் இப்படித்தான். சில கோடுகள் மையால் போட்டவை, சில பென்சிலால். அச்சில் வரும்போது எல்லாமே ஒரே கறுப்பாக வந்துவிடுவதுதான் பிரச்சினை.

வெளியூர்க் கதை போதும். நம் காலடியில் என்ன இருக்கிறது?

புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூர்ப் பக்கம் கிரிடேசியஸ் காலத்துப் பாறை வெளியே தெரிகிறது, டைனோசர்களின் கடைசிக் காலம். 1840களிலேயே அங்கிருந்து கிளிஞ்சல்களும் அம்மோனைட்டுகளும் லண்டனுக்குப் போய், எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். அம்மோனைட் என்பது ஆட்டுக்கிடாய்க் கொம்புபோலச் சுருண்ட ஓடுடைய கடற்பிராணி. அப்போது இங்கே கடல். டைனோசர் நிலத்துப் பிராணி. எனவே அதைத் தேட வேண்டிய இடம், அதே காலத்தில் ஆறு வந்து மண் கொட்டிய கரையோரம். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் அப்படிப்பட்ட மண் இருக்கிறது. திருச்சி வட்டார டைனோசர் எலும்புகளைப் பற்றி மேட்லி என்ற ஆங்கிலேயர் 1929இலேயே எழுதிவிட்டார்.

தமிழ்நாட்டு டைனோசர் கதையில் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இரண்டுக்கும் பெயரிட்டவர்கள் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும். முதலாவது 1979இல் வந்த திராவிடோசாரஸ். அரியலூர்ப் பக்கத்துக் கடற்படிவில் கிடைத்த எலும்புகளையும் தட்டையான தகடுகளையும் வைத்து, முதுகில் தகடு வரிசை கொண்ட ஸ்டெகோசார் இனம் என்றார்கள். உண்மையானால் பெரிய செய்தி, ஏனென்றால் உலகின் மற்ற இடங்களில் அந்த இனம் அதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே ஓய்ந்துவிட்டது. 1990களில் சங்கர் சாட்டர்ஜி என்ற தொல்லுயிரியலாளர் இதை மறுத்தார். அவர் பார்வையில் அவை ப்ளீசியோசாரின் எலும்புகள்: நீண்ட கழுத்தும் துடுப்புக் கால்களுமாக நீந்திய கடல் ஊர்வன, டைனோசரே அல்ல. இன்று பலர் திராவிடோசாரஸை ஸ்டெகோசாராக ஏற்பதில்லை. தகடு என்று வரைந்ததை அழித்துத் துடுப்பு வரைய வேண்டியிருக்கலாம். பெயர் மட்டும் அழகாக நிற்கிறது. ஊர்ப் பெருமைக்காக அந்தப் படத்தை இன்னும் அப்படியே பரப்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

இரண்டாவது, கல்லமேட்டின் ப்ருஹத்காயோசாரஸ், பெரிய உடம்புக்காரன். 1980களின் இறுதியில் பெயர் பெற்றது. இடுப்பெலும்பு, தொடையின் ஒரு பகுதி, முழங்காலுக்குக் கீழ் எலும்பு, முன்கை எலும்பு, வால் முள்ளெலும்பு ஒன்று. இவ்வளவுதான். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று எழுதினார்கள். நம் வீட்டு வாசல் நிலை உயரம். முதலில் மாமிசம் தின்னும் இனத்தில் சேர்த்தார்கள். அப்படியென்றால் டைரனோசாரஸ் அதன் பக்கத்தில் பொடியன். சாட்டர்ஜிதான் இதையும் திருத்தினார்: இது நீண்ட கழுத்துத் தழையுண்ணி. ஒரே எலும்புக் குவியல், இரண்டு முற்றிலும் வேறான மிருகங்கள். வேறுபாடு எலும்பில் இல்லை, எந்தக் குடும்பத்தோடு ஒப்பிட்டோம் என்பதில் இருந்தது.

எடை போடும் கணக்கு இங்கே எப்படித் தடுமாறுகிறது என்று பார்க்க வேண்டும். நாலுகால் விலங்கின் எடையைத் தொடை எலும்பு, மேற்கை எலும்பு இரண்டின் சுற்றளவிலிருந்து கணிக்கலாம். எலி முதல் யானை வரை அளந்து எடுத்த விகிதம் அது. தூணின் கனத்தைப் பார்த்து மாடியின் பாரத்தைச் சொல்வதுபோல. கல்லமேட்டில் முழுத் தொடையும் இல்லை, மேற்கையும் இல்லை. எனவே நன்றாகத் தெரிந்த உறவினர்களின் அளவை வைத்து விகிதப்படி பெருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023இல் பால், லர்ரமெண்டி என்ற இரு ஆய்வாளர்கள் அப்படிக் கணக்கிட்டு 100 டன்னைத் தாண்டியிருக்கலாம் என்றார்கள். ஏறக்குறைய இருபது யானை. நிலத்தில் நடந்த மிருகம் நீலத்திமிங்கிலத்தோடு போட்டி போடுகிறது. இருந்திருக்கலாம். ஆனால் பெருக்கலில் நீளம் சற்றே பிசகினாலும் எடை கனமடங்காகப் பிசகும்.

சரி, எலும்பை எடுத்து மறுபடி அளந்துவிடலாமே? அதுதான் முடியாது. மண் இளக்கமானது, எலும்பு உளுத்துப்போயிருந்தது. கிடைத்தவை நொறுங்கிப்போயின. இன்று கையில் எதுவும் இல்லை. வெளியான வரைபடங்களும் எளிமையானவை. அதனால் வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் இன்னும் ஒரு படி போய், அது எலும்புதானா, கல்மரமா என்றே கேட்டார்கள்.

அபாண்டம் என்று தள்ளிவிட முடியாத கேள்வி. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்துக்கிடக்கிறது, கிரிடேசியஸ் காலத்தது. நமக்கு இன்னும் பக்கத்தில் திருவக்கரை இருக்கிறது, வக்கிரகாளியம்மன் கோயிலால் பெயர்பெற்ற ஊர். அங்கே கிடக்கும் கல்மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை, டைனோசர் போய் வெகுகாலம் ஆனபின் வளர்ந்த மரங்கள். பௌர்ணமிக்குப் போகிற கூட்டத்தில் எத்தனை பேர் பக்கத்துப் பூங்காவையும் எட்டிப் பார்க்கிறார்களோ தெரியாது. அவை வக்கிராசுரனின் எலும்புகள் என்பது ஊர்க்கதை. அங்கே மரத்தை எலும்பு என்றது ஊர். இங்கே எலும்பை மரமோ என்று கேட்டார்கள் படித்தவர்கள். கண்ணால் பார்த்தால் அப்படித்தான் குழம்பும். மரத்திலும் ஆண்டு வளையம் உண்டு, டைனோசர் எலும்பிலும் வளர்ச்சி வளையம் உண்டு. அந்த வளையங்களை எண்ணித்தான் சிகாகோவில் இருக்கும் 'சூ' என்ற டைரனோசாரஸ் 28 வயதில் இறந்தது என்கிறார்கள்.

தீர்வு எளிது. ஒரு துண்டை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இழைத்து நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தில் செங்கல் அடுக்கியதுபோல செல் வரிசை தெரியும், எலும்பில் இரத்தக்குழாய் ஓடிய துளைகளும் அவற்றைச் சுற்றிய வளையங்களும் தெரியும். பார்த்துச் சொல்வது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்குத் துண்டு வேண்டும். இங்கே துண்டு இல்லை. 2022இல் அய்யாசாமியும் சௌரப் பாலும் அகழ்வின்போது எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்டபின் எலும்புதான் என்ற பக்கம் வலுத்தது. 2023இன் எடைக் கணக்கும் அந்த நம்பிக்கையில் வந்ததுதான். உலகின் மிகப்பெரிய மிருகம் என்ற பட்டத்துக்குப் போட்டியிடும் ஒன்று, சில புகைப்படங்களில் உயிர்வாழ்கிறது.

கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிற்கும் பரபாசாரஸ் என்ற டைனோசர் இதற்கு நேரெதிர். கோதாவரிப் படுகையில் 1960ஐ ஒட்டித் தோண்டியது. தாகூர் நூற்றாண்டு வந்ததால் தாகூர் பெயரையும் சேர்த்துக்கொண்டது. சுமார் 300 எலும்புகள், குறைந்தது ஆறு மிருகங்களுடையவை, பத்திரமாக இருக்கின்றன. யாரும் போய் மறுபடி அளக்கலாம், சண்டை போடலாம். ஆனாலும் தலை கிடைக்கவே இல்லை, தனிப் பற்கள் மட்டும். அங்கே பார்ப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பது முகத்தைத்தான். அந்த முகம் உறவினர்களைப் பார்த்துச் செய்த முகம்.

முட்டை விஷயத்தையும் தொட்டுவிடுகிறேன், ஏனென்றால் ஆண்டுக்கு ஒருமுறையாவது வாட்ஸ்அப்பில் வருகிறது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் 2020இல் ஏரி மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று படம் பறந்தது. பார்த்த வல்லுநர்கள், அம்மோனைட்டைச் சுற்றிச் சுண்ணாம்பும் மண்ணும் திரண்டு இறுகிய கட்டிகள் என்றார்கள். முட்டையானால் ஓடு இருக்க வேண்டும். ஓட்டில் மூச்சுத்துளை இருக்க வேண்டும், கோழிமுட்டை ஓட்டில் இருப்பதுபோல. மத்தியப்பிரதேசம் தார் மாவட்டத்தில் நடந்தது இதன் தலைகீழ்: கிராமத்தார் காவல் தெய்வமாக வைத்துக் கும்பிட்டுவந்த கல் உருண்டைகள் நிஜமாகவே டைனோசர் முட்டைகள் என்று 2023இல் தெரிந்தது.

கல்லமேட்டில் வேலை நின்றுவிடவில்லை. 2013இல் அந்த மண்ணிலிருந்து ஒரு சிறிய பல்லை விவரித்தார்கள். ட்ரூடான்ட் என்ற, பறவைக்கு மிக நெருங்கிய டைனோசர் குடும்பத்தின் பல். தென்கண்டங்களில் அந்தக் குடும்பம் இருந்ததற்கு அதற்குமுன் சாட்சி இல்லை. உடம்பு, கால், வால் எதுவும் இல்லை, ஒரு பல்.

அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது, அதை வரைய முடியுமா என்று கேட்டாள். வரையலாம் என்றேன். வீட்டுப்பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் முழு உடம்பும் போட்டாள், இறகு வைத்து, தலையில் சேவல் கொண்டையும் வைத்து. பிறகு பேனாவை எடுத்து, வாய்க்குள் பல் ஒன்றை மட்டும் மையால் அழுத்தி வரைந்தாள்.